செருப்பு நூல் ஷெர்வானி

குடியாத்தம் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் துணிக்கடையில் எது கேட்டாலும் கிடைக்கும், தீப்பெட்டி மட்டும் கிடைக்காது. பீடி பற்றவைக்கக் கேட்கிறவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுவேன். பீடிக்கென்று வாங்கிக்கொண்டு, விரித்துப் போட்ட துணியின் ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் ஒரு நூலை உருவி, கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிற ஆசாமிகள் உண்டு. பட்டு என்றால் மயிர் கருகிய நாற்றம் வரும், பருத்தியோ லினனோ என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும் என்று எங்கேயோ கேட்டு வைத்திருப்பார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சோதனை ஒருமுறை என் கல்யாணத்தையே கொளுத்தப் பார்த்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

நான் பிறவித் துணிக்கடைக்காரன் அல்ல. மேல்விஷாரத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தோல் ஆட்கள். அத்தா நான் சின்னவனாக இருக்கும்போதே மவுத்தாகிவிட்டார். அவருடைய அண்ணன், என் பெரியத்தா, தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் மேஸ்திரி. அவர்தான் என்னை வளர்த்து, மீசை முளைத்ததும் ஆம்பூரில் ஒரு ஷாப்பில் செலக்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டார். பதனிட்டு வந்த தோலைத் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது கழிவு என்று பிரித்துப் போடுகிற வேலை. இருட்டில் கொடுத்தாலும் ஆட்டுத் தோலா செம்மறித் தோலா என்று கை சொல்லிவிடும். தோலுக்குப் பழகிய அந்தக் கை வேறெதற்கும் உதவாமல் போய்விட்டது. காய்ப்புக் காய்த்த விரலால் மல் துணியைத் தொட்டாலும் கோணியைத் தொட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

மூக்கின் கதை அதைவிட மோசம். சுண்ணாம்புக் குழி, ஊறுகிற ஆவாரம்பட்டை, வண்டியில் வந்து இறங்குகிற பச்சைத் தோல். முதலில் சோறு இறங்காது. பிறகு நாற்றம் பழகிவிடும். அதற்கும் பிறகு நாற்றத்தோடு சேர்ந்து மல்லிகைப்பூவும் போய்விடும். பெருநாளைக்கு அத்தர் பூசினால் பக்கத்திலிருப்பவனைக் கேட்டுத்தான் வாசனை எப்படி என்று தெரிந்துகொள்வோம், அவனும் தோல்காரன் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மூக்கு என்பது முகத்துக்கு அழகாக வைத்த ஒரு சாமான், அவ்வளவுதான்.

துணியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். ஷாப்புக்கு முரட்டுக் காடா, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மல் ஜிப்பா, வீட்டுக்குக் கட்டம் போட்ட லுங்கி. பட்டு பெண்களுக்கு. ஆண்கள் பட்டு உடுத்துவது மார்க்கத்தில் விலக்கு. ஆசை அடங்காத மாப்பிள்ளைகளுக்கென்று நெசவுக்காரர்கள் மஷ்ரூ என்று ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் பட்டு மினுக்கும், உடம்பில் படுகிற உள்பக்கம் பருத்தி. நல்ல கெட்டிக்கார நெசவு. பெரியத்தாவுக்கு அதுவும் ஆகாது. "அல்லாகிட்டயே சாமர்த்தியமா?" என்பார்.

லினன் என்ற சொல்லும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது துணி அல்ல, நூல். செருப்பு, பெல்ட், குதிரைச் சேணம் தைப்பதற்கு மெழுகு தடவி முறுக்கின தடித்த நூல். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் யாரைக் கேட்டாலும் லினன் என்றால் அதைத்தான் காட்டுவார்கள். அதைத் தவிர வேறு லினன் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஒரு லுங்கி வாங்கக் குடியாத்தம் வந்தேன். அப்போது இந்த ஊர் லுங்கி பர்மா, மலாயா என்று கப்பலேறிக்கொண்டிருந்த காலம், நேராக வந்து வாங்கினால் நல்ல கட்டமாகப் பார்த்து எடுக்கலாம். இதே கடைதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. கடைக்காரருக்கு அப்போதே கண் மங்கல். இருந்தாலும் அவர் விரித்துப் போட்ட துணியை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். நூல் எத்தனை, சாயம் நிற்குமா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். "பாய் சொன்னா சரிதான்" என்று வாங்கிக்கொண்டு போவார்கள். சாயம் போகிற துணி என்றால் அவரே, "இது போவும், வேணாம்" என்று மடித்து வைத்துவிடுவார்.

நான் கேட்ட கட்டத்தை அவர் தட்டுத் தட்டாகத் தேடினார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நாலாவது தட்டுல இருக்கு அத்தா. பச்சைக் கட்டத்துக்கு அடியில."

அவ்வளவுதான். முகம் இல்லை, நிழல் கூட இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பச்சைக் கட்டத்துக்கு அடியிலேயே என் மனசு கிடந்தது. அடுத்த வாரம் இன்னொரு லுங்கி வாங்கப் போனேன். அதற்கடுத்த வாரமும். கண்டுபிடிக்கக் கஷ்டமான கட்டமாக யோசித்து வைத்துக்கொண்டு போவேன். சில நாள் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார், அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே பேஜார்.

"எதுக்குடா இத்தனை லுங்கி? கடை வெக்கப் போறியா?" என்று அம்மா கேட்டார்கள். நான் காதைச் சொறிந்தேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உறவில் ஒருத்தர் மூலம் பெண் கேட்டனுப்பினார்கள். ஒரே மகள், யோசித்துச் சொல்கிறேன் என்றார் கடைக்காரர். யோசித்துச் சரி என்றார்.

எங்களில் மாப்பிள்ளையின் நிக்காஹ் உடுப்பைப் பெண் வீட்டார்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்கு அது ஒரு சடங்கு. துணிக்கடைக்காரருக்கு அது மானப் பிரச்சினை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மாப்பிள்ளையும் உடுத்தாத ஒன்றை என் மருமகன் உடுத்த வேண்டும் என்று மங்கின கண்ணோடு ரயிலேறி மதராஸுக்குப் போனார். சீமையிலிருந்து வந்த லினன் துணி ஒன்றை வாங்கிவந்தார். பாலாடை நிறம். நெய்த பிறகு மரச் சுத்தியலால் அடித்து அடித்து மினுக்கு ஏற்றின துணி. அதை ஷெர்வானியாகத் தைத்து, கல்யாணத்தன்று காலையில் தட்டில் வைத்து, எதிர் வீட்டில் தங்கியிருந்த எங்களுக்கு அனுப்பிவைத்தார்.

போட்டுக்கொண்டேன். உடம்பு குளுகுளு என்றது. கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தான், எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷம் பெரியத்தா உள்ளே வருகிற வரைக்கும்தான்.

அவர் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார்.

"இன்னாடா இது, இப்படிப் பளபளங்குது?"

"ஷெர்வானி, பெரியத்தா."

"அது தெரியுது. பட்டாடா?"

எனக்கு என்ன தெரியும்? விழித்தேன். அந்த விழிப்பே போதுமாக இருந்தது அவருக்கு. தெருவைக் கடந்து என்னையும் இழுத்துக்கொண்டு நேராகப் பெண் வீட்டுப் பந்தலுக்குப் போனார். நிக்காஹ் நடத்திவைக்க வந்த காஜியார் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கத்து ஜனமும் உட்கார்ந்திருந்தது.

"இன்னா பாய், எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பட்டு உடுத்தி நிக்காஹ்ல உக்கார வெக்கிறீங்களா?"

என் மாமனார் சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்கு அந்தச் சந்தேகமே பெருமையாக இருந்தது. "பட்டு இல்லீங்க சம்பந்தி. லினன்."

பந்தலில் எங்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார்.

"லினனா? செருப்பு தைக்கிற நூலா?" என்றார் பெரியத்தா.

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. பட்டு என்றால் ஹராம், லினன் என்றால் அவமானம். இரண்டில் எதைச் சொன்னாலும் பெரியத்தா வண்டி கட்டச் சொல்லிவிடுவார். நான் நடுவில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தேன்.

மாமனார் பொறுமையாக விளக்கினார். எல்லாம் ஒரே நார்தான், தடிமனாக முறுக்கினால் நூல், மெலிசாக நூற்று நெய்தால் துணி. நம் ஊர் ஆளிவிதைச் செடி மாதிரிச் செடி, அதன் தண்டைக் குளத்தில் போட்டு ஊறவைத்து, அழுக வைத்து, நார் பிரிப்பார்கள். "உங்க ஷாப்புல தோலை ஊற வெக்கிற மாதிரிதாங்க. அங்கயும் கிட்டப் போக முடியாத நாத்தம்" என்றார். தோல்காரர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னார். எங்கள் ஆட்கள் இன்னும் கடுகடுத்தார்கள். கல்யாணத்தன்றைக்குமா நாற்றத்தை ஞாபகப்படுத்துவது?

அதோடு விட்டிருக்கலாம். "இன்னிக்கு நேத்துத் துணி இல்லீங்க. மிஸ்ர் தேசத்துல, அதான் எகிப்துல, பிர்அவுன் காலத்துலயே ராஜாக்கள் இதைத்தான் உடுத்தினாங்க" என்று சேர்த்தார்.

"பிர்அவுனா!" பெரியத்தாவின் தாடி ஆடியது. "மூஸா நபிய விரட்டினானே, அவனா? அவன் உடுத்தினதையா எங்க பிள்ளைக்கு உடுத்துறீங்க?"

கதர்க் குல்லா போட்ட என் சித்தப்பா மகன் ஒருத்தன், "பட்டோ லினனோ, சீமைத் துணி சீமைத் துணிதான். நெருப்புல போடுங்க" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னான். அவனை உட்காரவைத்தார்கள். ஆனால் நெருப்பு என்ற சொல் மாமனாருக்கு ஒரு யோசனையைக் கொடுத்துவிட்டது.

"சரிங்க. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. பட்டுன்னா மயிர் கருகின நாத்தம். இல்லேன்னா காயிதம் எரியற வாசனை. நீங்களே மோந்து சொல்லுங்க" என்றார்.

ஷெர்வானியை நான் போட்டிருக்கும்போதே என் கைமடிப்பின் உள்பக்கத்திலிருந்து நூல் உருவினார்கள். தீக்குச்சி கிழித்தார்கள். நூல் பற்றியது. பெரியத்தா குனிந்து மோந்த வேகத்தில் சாம்பல் அவர் மூக்கில் ஏறி, ஒரு தும்மல் போட்டார். மீதிச் சாம்பல் தாடிக்குள் போய்விட்டது. இன்னொரு நூல். இன்னொருத்தர். அவர் காதில் அத்தர் பஞ்சு வைத்திருந்தார். "ரோஜா வாசனைங்க" என்றார். அடுத்தவர் வெகுநேரம் மோந்துவிட்டு, "மயிர் மாதிரியும் இருக்கு, காயிதம் மாதிரியும் இருக்கு" என்றார். கடைசியாக மோந்த கிழவர் கண்ணை மூடி அனுபவித்து, "எனக்குப் பிரியாணி வாசனைதாங்க வருது" என்றார். பின்கட்டில் தம் போட்ட அண்டாவை அப்போதுதான் திறந்திருந்தார்கள்.

தோல் ஷாப்பு மூக்குகள். ஒன்றுகூட வேலைக்கு ஆகவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெண் வீட்டில் நல்ல மூக்குகள் நிறைய இருந்தன, அவர்கள் எல்லோரும் காகிதம் காகிதம் என்று கத்தினார்கள். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். என் மாமனாரை மோந்து பார்க்கச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார்.

"நான் வாயால சொன்னதையே நம்பல. மூக்கால சொன்னா நம்பப் போறீங்களா?" என்றார். தன் வீட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியத்தா என்னைப் பார்த்தார். "கழட்டுடா. வண்டி கட்டச் சொல்றேன்."

என் கை பொத்தானுக்குப் போனது. பெரியவர்கள் பேசும்போது மாப்பிள்ளை வாய் திறக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. அன்றைக்கு நான் திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும். அந்தத் திரை, அந்தக் குரல், நாலாவது தட்டு, எல்லாம் போகப் போகிறது என்று பயந்தேன். வீடு நிறைய லுங்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

காப்பாற்றினவர் காஜியார். அவருக்கு இன்னும் ஒரு நிக்காஹ் பாக்கி, அதுவும் பள்ளிகொண்டாவில். "பொண்ணுகிட்ட சம்மதம் கேக்க பொண்ணு சார்பா நிக்கிற வக்கீலும் சாட்சிங்களும் உள்ள போவத்தான போறாங்க?" என்றார். "நூலையும் கொண்டு போவட்டும். பொறந்ததுலேர்ந்து துணிக்குள்ள வளந்த பொண்ணு. இந்த நேரத்துல அது உங்க வீடும் இல்ல, அவங்க வீடும் இல்ல. நடுவுல இருக்கு. அது சொல்றதைக் கேளுங்க."

பெரியத்தாவுக்கு இது நியாயமாகப் பட்டது. நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகிறவள் நம் பிள்ளைக்கு ஹராமை உடுத்திவிடுவாளா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர் என் கைமடிப்பிலிருந்து இன்னும் ஒரு நூலை உருவிக்கொண்டார். அந்தக் கைமடிப்பு அதற்குள் பல் போன வாய் மாதிரி ஆகியிருந்தது. தீப்பெட்டியோடு உள்ளே போனார்கள்.

பெண்ணின் சம்மதத்துக்கு மௌனம் போதும். வெட்கப்பட்டுத் தலை குனிந்தால் சரி என்று எழுதிக்கொள்வார்கள். துணிக்கு மௌனம் போதாது, வாய் திறந்துதான் ஆக வேண்டும். இந்த ஊரில் எந்தக் கல்யாணப் பெண்ணும் பந்தலுக்குக் கேட்கிற மாதிரிப் பேசியிருக்க மாட்டாள். உள்ளே பெண்களின் சலசலப்பு நின்றது. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

"லினன்தான். காயிதம் எரியற வாசனை." அதே குரல். நாலாவது தட்டில் இருக்கிறது என்று சொன்ன அதே நிச்சயம்.

"நிக்காஹ்வுக்குச் சம்மதமாம்மா?" என்று வக்கீல் கேட்டதும் பந்தலுக்குக் கேட்டது. அதற்குச் சத்தமே வரவில்லை. பந்தலே சிரித்தது.

பெரியத்தாவைப் பார்க்க வேண்டுமே! தோற்றவர் மாதிரியா இருந்தார்? "நம்ம வீட்டுப் பொண்ணு சொல்லிடுச்சி, அப்புறம் இன்னா பேச்சு?" என்று எல்லோரையும் அதட்டினார். பிரியாணி சாப்பிடும்போது மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பக்ரீத்துக்குத் தனக்கும் அதே துணியில் ஒரு ஜிப்பா தைக்க முடியுமா என்று விசாரித்தார். மாமனார் தைத்தும் கொடுத்தார். பெரியத்தா அதை ஊரெல்லாம் போட்டுக்கொண்டு போய், இது செருப்பு நூல் இல்லை, ராஜாக்கள் உடுத்துவது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எந்த ராஜா என்று மட்டும் சொல்ல மாட்டார்.

சில வருஷத்தில் மாமனாருக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். நான் தோலை விட்டுத் துணிக்கு வந்தேன். கை மாறவே இல்லை. இன்றைக்கும் தடவிப் பார்த்துத் துணி சொல்ல எனக்கு வராது, கண்ணால் பார்த்து, திரைக்குப் பின்னால் கேட்டு வியாபாரம் செய்கிறேன். மூக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஒருநாள் காலையில் கட்டுப் பிரித்தபோது புதுத் துணியின் கஞ்சி வாசனை அடித்தது. நான் உள்ளே ஓடி என் மனைவியிடம் சொன்னேன். பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவன் மாதிரி ஓடினேன் என்று அவள் இன்னும் கேலி செய்கிறாள்.

போன வருஷம் மாமனார் மவுத்தானார். இந்த ரம்ஜானுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வேப்பிலைச் சருகுக்கு நடுவில் ஷெர்வானி கிடந்தது. போட்டுப் பார்த்தேன். தொப்பை ஒத்துக்கொள்ளவில்லை. பிரிந்த கைமடிப்பை அவளிடம் காட்டி, "அன்னிக்கு நல்லா வாசனை அடிச்சிதா?" என்று சீண்டினேன்.

"ஒன்னும் அடிக்கல" என்றாள், சருகை உதறிக்கொண்டே.

"இன்னா?"

"ரெண்டு நாளா அழுது அழுது மூக்கு அடைச்சிருந்திச்சிங்க. அவங்க கொளுத்தினது நூலா, என் முக்காடான்னே தெரியல."

நான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். பந்தல் முழுக்க ஒரு நல்ல மூக்குக்காகக் காத்திருந்தது. அந்த மூக்கும் அடைத்துக்கிடந்தது. "அப்புறம் எப்படி லினன்னு சொன்ன?"

"அத்தா லினன்னு சொன்னாரே."

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் கிளம்பியது. "எனக்காகத்தான் சொல்லிட்டியோன்னு பார்த்தேன்."

"உங்க மூஞ்சிய அப்ப நான் எங்க பார்த்தேன்? லுங்கி ஜாஸ்தி வாங்குறவருன்னு மட்டும்தான் தெரியும்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஷெர்வானியை மடியில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். "உள்ள இருந்து எல்லாம் கேட்டுச்சிங்க. கடையில ஒருத்தரும் அவரு பேச்சைத் தட்டினதில்ல. அவரு வீட்டு வாசல்லயே நெருப்பு வெச்சிப் பார்த்தாங்க. நிக்காஹ் நின்னு போனாலும் போவுது, அவரு பொய்யருன்னு ஆயிடக் கூடாதுன்னு இருந்திச்சி எனக்கு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துவந்தாள். கைமடிப்பிலிருந்து ஒரு நூலை அவளே உருவி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சந்தேகமா இருந்தா கொளுத்திப் பாருங்க. இப்பதான் உங்களுக்கு மூக்கு வந்துடுச்சே."

அவள் முகத்தில் பயம் துளியும் இல்லை. நூலைப் பார்த்தேன். என் கைக்கு அது எந்த நூலாகவும் இருக்கலாம். தீப்பெட்டியை அவளிடமே திருப்பி நீட்டினேன்.

"மாமா சொன்னா சரிதான்" என்றேன்.

அவள் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது. மாமனாரை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"பாருங்க, மறுபடியும் மூக்கு அடைச்சிக்கிச்சி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.